காலுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

...முட்டியில இடிக்குதாம்மா? இன்னா பண்றது, மேல வைக்கலாம்னு பாத்தா கண்டக்டரு, நீட்டமா இருக்குது, பிரேக் போட்டா எவன் மண்டையிலயாவது வுழும், கையிலயே வச்சிக்கன்றாரு. கையில வச்சா உன் முட்டியில இடிக்குது. இரு, அந்தாண்ட சாச்சிக்கிறேன். கம்பு இல்லம்மா இது. கம்பா இருந்தா தேவலையே. ஃபிளெக்ஸு. பேனரு. கட்சி பேனரும் இல்ல, கல்யாண பேனரும் இல்ல. உள்ள இருக்கறது நாந்தான். நம்ப மாட்ட, விரிச்சா இந்த பஸ்ஸே மூடிப்பூடும், அம்மாம் பெருசு.

நேத்து வரைக்கும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நின்னுக்கினு இருந்தேன். நீ கூட பாத்திருப்ப. ஆரஞ்சு கலர் பனியனு, கழுத்துல மெடலு, பின்னால ஒரு புலி... ஆங், அதுதான். இன்னைக்கு காலையில நானே தையல் கத்தரிக்கோல எடுத்துக்கினு போயி கயித்த அறுத்து எறக்கிட்டேன். டீக்கடைக்காரன் கேக்கறான், இன்னாக்கா, இதவிட பெருசா வைக்கப் போறியான்னு. நா சுருட்டி கக்கத்துல இடுக்கிக்கினு வந்துட்டேன். வாய தொறந்து நா பட்டது போதும்னு இருக்குது.

இப்ப மட்டும் இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு பாக்குறியா? பஸ்ல பேசறது கணக்குல வராதும்மா. நீ யாரோ, நா யாரோ. நீ எறங்கி உன் வூட்டுக்கு போவப் போற, நா எறங்கி என் பாட்ட பாக்கப் போறேன். உங்கிட்ட சொன்னா அது எங்க போவப் போவுது, சொல்லு.

கால நீட்டிக்கிறேன், ஒன்னும் நெனச்சிக்காத. மடக்க முடியல. கணுக்கால்ல பிளேட் வச்சிருக்குது. மலேசியா பிளேட்டு. சிரிக்காத, மெய்யாலுமே மலேசியாவுல வச்சது.

நானு கலையரசி. பஸ் ஸ்டாண்டாண்ட நைட்டிக்கடை, அதுலயே பிளவுஸும் தைக்கறேன். எனக்கு சக்கர ஜாஸ்தி. டாக்டரு நடக்கச் சொன்னாரு. நடந்தேன். நடந்தா டீக்கடை வருது, டீக்கடை வந்தா போண்டா வருது. அப்பால சக்கர எப்படி கம்மியாவும். அப்பதான் கண்ணாயிரம் மாஸ்டரு, லேடீஸுக்கு காலையில தனி பேட்ச்சு, சிலம்பம் கத்துத் தரேன்னு நோட்டீஸ் ஒட்டினாரு. எங்க வூட்டுக்காரரு தங்கதுரை, நீ கம்பு சுத்தப்போறியா, கம்பு உன்ன சுத்தி வரதுக்கே கால் மணி நேரம் ஆவுமேன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாள் போயி சேந்தேன். ரோஷக்காரிம்மா நானு. எனக்கு வந்ததெல்லாம் இந்த ரோஷத்துல வந்ததுதான்.

அந்த பேட்ச்சுல எனக்கு ஜோடின்னு வாச்சவதான் இருசம்மா. மலை மேல இருக்கறவ, கள்ளக்குறிச்சியில பொண்ணுங்க ஹாஸ்டல்ல சமைக்கறா. கை இருக்குதே, அம்மாம் பெரிய அண்டாவ தனியா கிண்டுற கை. கம்ப புடிச்சா சும்மா விர்ருனு சுத்தும். நா சுத்தினா துணி காயப்போட்ட கொடி அறுந்துக்கினு வர மாதிரி இருக்கும். பேச மாட்டாம்மா அவ. அவ ஒரு மாசம் பேசறத நா ஒரு மூச்சுல பேசிடுவேன். அதனாலயே எனக்கு அவள புடிச்சிப்போச்சி. கேக்கறவங்க கெடைக்கறது இந்தக் காலத்துல கஷ்டம்.

அவகிட்ட ஒரு பழக்கம். கிரவுண்டுக்கு வரசொல்ல ரெண்டு கம்பு எடுத்தாருவா. மலையில அவளே பாத்து வெட்டி, நெருப்புல வாட்டி வச்ச கம்பு. ஒன்னு அவளுக்கு, ஒன்னு எனக்கு. ஏன்னா என் கம்ப நா மறந்துட்டு வந்துருவேன், இல்லன்னா ஷட்டரு கதவுக்கு முட்டு குடுத்து ஒடைச்சிருப்பேன். ஒரு தபா மாஸ்டர்கிட்ட, இருசம்மா கால் வைக்கறது தப்பு சார்னு கோள் சொல்லிட்டேன். மறுநாள் ஒரே ஒரு கம்போட வந்தா. அன்னைக்கு முழுக்க நா ஓரமா குந்திக்கினு வேடிக்க பாத்தேன். அதுல இருந்து தெரிஞ்சிக்கினேன், இருசம்மா கோவமா இருக்காளான்னு மூஞ்ச பாக்க வேணாம், கம்ப எண்ணினா போதும்.

...இது கச்சிராபாளையமா? எம்மாம் சீக்கிரம் வந்துட்டோம். நீ இங்க எறங்கலியா? மேலதானா. நல்லது, பேச்சுத்தொண ஆச்சி.

எங்க வுட்டேன்... ஆங், மலேசியா. மாஸ்டரு ஒரு நாளு, கோலாலம்பூர்ல பெரிய போட்டி, நாப்பது வயசுக்கு மேல பொம்பளைங்களுக்கு தனி பிரிவு, போலாமான்னாரு. நா மொத ஆளா கைய தூக்கினேன். கடைசியில போனது நானும் இருசம்மாவுந்தான், மாஸ்டரு வரல. இருசம்மாவுக்கு டிக்கெட்டு எப்படி வந்துச்சின்னா, அவ கையால சோறு தின்னு படிச்சி வேலைக்கு போன பொண்ணுங்க எல்லாம் சேந்து போட்டுச்சிங்க. அந்த பொண்ணுங்க மூஞ்சிய இனிமே எப்படி பாப்பேனோ. இரு, அதுக்கு வரேன்.

போறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் போடணும்னு சொல்லிட்டாங்க. எங்க பெரியண்ணன் மவன் அறிவுச்செல்வன், ஜெராக்ஸ், ஆன்லைன், இன்ஷூரன்ஸ், எல்லாம் ஒரே ரூம்ல வச்சிருக்கான். அவன்தான் போட்டான். ஒவ்வொன்னா படிச்சி காட்டறான். பை தொலைஞ்சா உண்டு அத்த. பாஸ்போர்ட் தொலைஞ்சா உண்டு. நாய் கடிச்சா உண்டு. வழுக்கி வுழுந்தா உண்டு. செத்துப்போனா பொணத்த ஊருக்கு அனுப்பறதும் உண்டு. எங்க வூட்டுக்காரரு அந்த கடைசிய மட்டும் ரெண்டாந்தரம் கேட்டு தெரிஞ்சிக்கினாரு.

அப்பால சொன்னான், அத்த, தற்காப்புக் கலைக்குன்னு தனியா ஒரு கவர் இருக்குது, அத போட்டாத்தான் களத்துல அடிபட்டா குடுப்பாங்க, போடட்டுமான்னு. நா சிரிச்சேம்மா. டேய், அந்த நாப்பது வயசு பிரிவுல பேர் குடுத்திருக்கறதே ரெண்டு பேருதான். ஒன்னு நானு, இன்னொன்னு இருசம்மா. அவ என்ன அடிச்சிருவாளா, கம்பால தொட்டா பாயிண்டுடா, தொட்டுட்டு சாரின்னுவா. கள்ளக்குறிச்சியில எதுத்தெதுத்தாப்புல நிக்கற ரெண்டு பொம்பளைங்க பிளேன் ஏறி கடல் தாண்டிப் போயி மறுபடியும் எதுத்தெதுத்தாப்புல நிக்கப்போறோம், இதுக்கு தனியா ஒரு கவரான்னேன். அவனும் சரின்னுட்டான். நம்ம புள்ளயாச்சே, ஒரு அதட்டு அதட்டி போட்டிருக்கக் கூடாதா. அவன சொல்லி இன்னா பண்றது, நா அதட்டுனா ஒரு ஊரே அடங்கும், அவன் எம்மாத்திரம்.

...அணை தெரியுது பாரு. தண்ணி கம்மியாத்தான் இருக்குது. இதுக்கப்பால வளைவுதான. எனக்கு மலை பஸ்ஸு ஒத்துக்காது. மூஞ்சி வெளுத்துடுச்சா? ஆமா, அப்படித்தான் இருக்குது. பேசிக்கினே வந்தா தெரியாது, அதுக்குத்தான் பேசறேன்.

இன்னா தேடற பையில... எனக்கா? மோந்து பாக்கவா? அய்யோ, வேணாம்மா. நல்ல மனசு உனக்கு, ஆனா எலுமிச்சம்பழத்த மட்டும் எங்கிட்ட காட்டாத. அத பாத்தாலே கால் கூசுது. அந்தப்பக்கம் வச்சிக்க. இன்னும் அந்தாண்ட. ஏன்னு கேளு. சரி, நீ கேக்கலன்னாலும் சொல்றேன்.

இத நா யார்கிட்டயும் சொன்னதில்ல. அறிவுச்செல்வனுக்கு தெரியும், இருசம்மாவுக்கு தெரியும், மூணாவது நீதான். எங்க வூட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல.

போட்டி அன்னைக்கு காலையில பெரிய ஹாலு, அம்மாம் ஜனம், எல்லாரும் எங்களையே பாக்கறாங்க. நா கொஞ்சம் ஆகிருதியா இருக்கேனா, ஆரஞ்சு பனியன் வேற. கண்ணு பட்டுரும்னு தோணிப்போச்சி. நா எலவனாசூர்கோட்டை கோயில்ல வச்சி பூச பண்ண எலுமிச்சம்பழத்த கையோட எடுத்துக்கினு போயிருந்தேன். ஏர்போர்ட்ல பைய தொறந்து பாத்தாங்க, எலுமிச்ச சாதத்துக்குன்னு நெனச்சி வுட்டுட்டாங்க. ஹாலுக்குள்ள சுத்திப்போட்டா வெரட்டுவாங்கன்னு பாத்ரூமுக்கு போற வராண்டா பக்கம் இருசம்மாவ இட்டுனு போனேன். யாரும் இல்ல. வழவழன்னு டைல்ஸு. ரெண்டு பேரும் வெறுங்காலு.

ரெண்டு பழம் எடுத்தேன். அவளுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு. தலைய சுத்தி கால்ல போட்டு நசுக்கணும், அவ்ளோதான. இருசம்மா, எனக்கு வேணாம், என்ன எவ கண்ணு வைக்கப்போறான்னுட்டா. சரி, அவ பழம் வீணாவுதேன்னு ஒரு யோசன வந்துச்சி பாரு எனக்கு, அந்த யோசனைய செருப்பால அடிக்கணும். ரெண்டு பேரு திருஷ்டியும் சேத்து நானே கழிச்சிடுறேன்னு, இந்த காலுக்கு ஒன்னு, அந்த காலுக்கு ஒன்னு கீழ வச்சி, சின்னதா ஒரு குதி குதிச்சேன்.

சிரி, சிரி. அடக்காத. நானே இப்ப சிரிக்கறேன், நீ சிரிச்சா இன்னா.

நாட்டுப்பழம்மா, தோலு தடி. நசுங்குமா? உருளுது. வலது காலு கோலாலம்பூர் பக்கம் போச்சி, எடது காலு கள்ளக்குறிச்சி பக்கம் வந்துச்சி. நடுவுல நானு. படக்குனு ஒரு சத்தம். பழம் நசுங்கிடுச்சின்னுதான் மொதல்ல நெனச்சேன். குனிஞ்சி பாத்தா பழம் ரெண்டும் முழுசா செவுத்தோரமா போயி நிக்குது.

என்ன தூக்கறதுன்னா இன்னான்னு நெனக்கற? பிளேன்ல சீட்டுக்கு நடுவுல இருக்கற கட்டைய தூக்கி வுட்டுத்தான் குந்தினேன். இருசம்மா என்ன முதுவுல போட்டுக்கினு அந்த வராண்டா முழுக்க நடந்தா. அப்ப மைக்குல எங்க பேர கூப்புடறாங்க. ரெண்டு பேரையும் கூப்புடறாங்க. நா சொன்னேன், அடியே, என்ன இங்க எறக்கிட்டு போடி, போயி களத்துல நின்னு கைய தூக்கினாலே போதும், எதிராளி வரலன்னா மெடல் உனக்குத்தான்னு. 'மூடு'ன்னா. அந்த ஒரு வார்த்ததான். மறுபடியும் கூப்புட்டாங்க. அவ நிக்கவே இல்ல.

ஆம்புலன்ஸ்ல வந்தா. ஆஸ்பத்திரியில குந்திக்கினு இருந்தா. மொழி தெரியாத ஊர்ல யாரையோ கைய காட்டி கெஞ்சி வெந்நி வாங்கியாந்து குடுத்தா. கால அறுத்து பிளேட் வச்சி நா முழிச்சி பாத்தா, ரெண்டு கம்பையும் மடியில வச்சிக்கினு அந்த பிளாஸ்டிக் சேர்ல தூங்கிக்கினு இருக்கா. எனக்கு கூடப்பொறந்த பொறப்பு யாரும் இப்படி பண்ணதில்லம்மா. இத மொதல்ல சொல்லிட்டேன், ஏன்னா அப்பால நா பண்ணத கேட்டா நீ எழுந்திரிச்சி வேற சீட்டுக்கு பூடுவ.

...யப்பா, இந்த வளைவு. கொஞ்சம் புடிச்சிக்க என்ன. ம். ஆச்சி.

ஊருக்கு வந்தேன். வீல்சேர்ல. ஜனம் வாசல்ல நிக்குது. எப்படி கலையரசி ஆச்சின்னு கேக்கறாங்க. எலுமிச்சம்பழத்துல வழுக்கினேன்னு சொல்லத்தான் வாய தொறந்தேன். எங்க வூட்டுக்காரரு மூஞ்சிய பாத்தேன். கம்பு உன்ன சுத்தும்னு சொன்ன அந்த மூஞ்சி. 'களத்துல'ன்னு வந்துடுச்சி. ஒரே வார்த்த. அந்த வார்த்த வெளிய வந்தப்பால அதுக்கு சோறு போட்டு வளக்க வேண்டியதா பூடுச்சி.

அப்பால இந்த ஃபிளெக்ஸு. யாரு வச்சான்னு நெனக்கற? மாஸ்டர் வைக்கல. ஊர்க்காரங்க வைக்கல. கீழ 'இவண்: நண்பர்கள், உறவினர்கள்'னு போட்டிருக்கும், அந்த நண்பர்களும் நாந்தான், உறவினர்களும் நாந்தான். ஃபிளெக்ஸ் கடை பாவாடை, இன்னாக்கா வாசகம்னான். நா சொல்ல சொல்ல அடிச்சான். மலேசிய மண்ணில் கால் முறிந்தும் களம் விட்டு அகலாத வீரத்திருமகளே வருக வருக. அதோட வுட்டிருந்தா ஒன்னும் இல்ல. பாவாடை, 'எதிரியின் அடியால்'னு சேக்கலாம்க்கான்னான். நாந்தான் சொன்னேன், அடி வேணாம்டா, அடின்னா நா தோத்தாப்புல இருக்குது, 'எதிரியின் சூழ்ச்சியால்'னு போடு, கெத்தா இருக்கும்னு. மெடலு அவன் கம்ப்யூட்டர்ல மாட்டி வுட்டது. புலி ஃப்ரீயாம்.

சத்தியமா சொல்றேன், எதிரின்னு சொல்லசொல்ல என் மனசுல இருசம்மா இல்ல. யாரோ ஒருத்தி. பேரு இல்லாதவ, ஊரு இல்லாதவ. ஆனா கேக்கறவங்களுக்கு தெரியாதா? நாப்பது வயசு பிரிவுல எனக்கு எதிர்ல யாருன்னு நா போறதுக்கு முன்னாடியே கடைக்கு வர அத்தினி பேர்கிட்டயும் சொல்லி சிரிச்சிருக்கேனே. தவள தன் வாயால கெடும்னுவாங்க. தவள மட்டும் கெட்டா பரவால்ல, பக்கத்துல இருந்ததையும் சேத்து கெடுத்துடுச்சி.

இரு, இன்ஷூரன்ஸ் கதைய முடிச்சிடுறேன். அறிவுச்செல்வன்கிட்ட மட்டும் நெசத்த சொன்னேன். அவன், வராண்டாவுல வழுக்கி வுழுந்தாங்கன்னு சரியாத்தான் எழுதி அனுப்பினான். கம்பெனியில இருந்து விசாரிக்க ஒரு அம்மா வந்துச்சி. செந்தமிழ்ச்செல்வின்னு பேரு, கண்ணாடி போட்டுக்கினு, பவ்யமா. அது எங்க எறங்கிச்சி? பஸ் ஸ்டாண்டுல. எங்க டீ குடிச்சிது? பேனருக்கு எதுத்தாப்புல. டீ கிளாஸ கையில வச்சிக்கினே என்னையும் புலியையும் போட்டோ எடுத்துக்கினு கடைக்கு வந்துச்சி.

கடையில அன்னைக்குன்னு பாத்து பிளவுஸ் அளவு குடுக்க ஒரு கூட்டம். அந்தம்மா நல்லாத்தான் கேட்டுச்சி, வழுக்கி விழுந்தீங்கன்னு எழுதியிருக்கீங்க, எப்படின்னு சொல்றீங்களான்னு. எல்லாரும் என் வாயவே பாக்கறாளுங்க. நா இன்னா பண்ணியிருக்கணும்? கொஞ்சம் வெளிய வாங்கம்மான்னு இட்டுனு போயி சொல்லியிருக்கணும். நா இன்னா பண்ணேன்? துணி அளக்கற கோல கையில எடுத்தேன். கட்டு போட்ட காலோட, சேர்ல குந்திக்கினே, எதிராளி இப்படி வந்தா, நா இப்படி தடுத்தேன், அவ கீழ இப்படி வுட்டான்னு முழுசா ஆடிக்காட்டினேன். கடையே கை தட்டிச்சி. அந்தம்மா மட்டும் தட்டல. நன்றிம்மான்னுட்டு பூடுச்சி.

அப்பால கம்பெனியில இருந்து பதில் வந்துச்சி. போட்டியில பட்ட காயம், தற்காப்புக் கலை கவர் போடல, அதனால கெடையாது. அறிவுச்செல்வன் தலையில கைய வச்சிக்கினான். அத்த, வழுக்கி வுழுந்தவளுக்கு உண்டு, வீரத்திருமகளுக்கு இல்லன்னான். மேல்முறையீடு பண்ணலாமாம், ஆனா நேர்ல பாத்தவங்க யாராவது சொல்லணுமாம். அந்த வராண்டாவுல பாத்தவ யாரு? ஒருத்திதான.

...யார்கிட்ட போன்ல பேசின? வூட்டுக்காரரா? 'ஆமா, கூடத்தான் வருது'ன்னியே, இன்னா, மூட்ட ஏதாவது போட்டிருக்கியா மேல? சரி சரி, பேசு. டவர் கெடைக்கசொல்லயே பேசிக்கணும். இங்கதான் சில்லுனு இருக்குது, வயிறு கொஞ்சம் தேவல.

இன்ஷூரன்ஸ் போனா போவுதும்மா. அதுக்காக நா இவ்ளோ தூரம் வரல. நா சொல்ல வந்தது வேற. அத சொல்லத்தான் வாய் வரல.

ஒரு நாளு கடையில பிளவுஸ் வாங்க வந்த ஒருத்தி சொல்றா, மலைக்காரி கையில கம்ப குடுத்தா அப்படித்தான், மனுஷ கால்னு தெரியுமா, மரத்து கெளைன்னு தெரியுமா அவளுங்களுக்குன்னு. எல்லாரும் சிரிச்சாளுங்க. நா ஊசியில நூல் கோத்துக்கினு இருந்தேன். வாய தொறக்கல. இந்த வாயி, காலையில தொறந்தா ராத்திரி மூடற வாயி, அன்னைக்கு மட்டும் மூடிக்கினு இருந்துச்சி. நூல் கோக்கறதுக்கு அம்மாம் நேரம் எனக்கு என்னைக்கும் ஆனதில்ல.

இன்னாம்மா, வாந்தி வருதா? சன்னல நல்லா தொற. தலைய வெளிய நீட்டாத.

ஹாஸ்டல்ல கூட பேசியிருக்காங்க. அந்த டிக்கெட்டு போட்ட பொண்ணுங்கள்ல ஒன்னு போன் பண்ணி, யக்கா, ஆசையா அனுப்பி வச்சோம், கூட வந்தவங்க கால ஒடச்சிட்டீங்களாமேன்னு கேட்டிருக்குது. இருசம்மா இல்லன்னு சொல்லியிருக்கலாம். அந்த லூசு எலுமிச்சம்பழத்து மேல குதிச்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கொடி அன்னைக்கே எறங்கியிருக்கும். சொல்லல. என் மானத்த காப்பாத்தறேன்னு அவ வாய மூடிக்கினா. நானும் என் மானத்த காப்பாத்தறேன்னு வாய மூடிக்கினேன். ரெண்டு பேரும் சேந்து ஒருத்திய மட்டும் காப்பாத்தியிருக்கோம்.

கடைசியா அவள பாத்தது பஸ் ஸ்டாண்டுல. கையில துணி மூட்டயோட வெள்ளிமலை பஸ்ஸுக்கு நிக்கறா. எதுத்தாப்புல நானு, புலியோட. அவ எழுத்து கூட்டித்தான் படிப்பா. அண்ணாந்து பாத்துக்கினு ஒவ்வொரு எழுத்தா படிக்கறா, ஒதடு அசையறது எனக்கு தெரியுது. 'சூழ்ச்சி'யில கொஞ்ச நேரம் நின்னுச்சி ஒதடு. நா கடையில இருந்து பாத்துக்கினு இருக்கேன். ஓடிப்போயி கைய புடிச்சிருக்கணும். கால் ஒடஞ்சிருக்குதுன்னு நீ சொல்லுவ. கத்தியாவது கூப்புட்டிருக்கணும்ல. நா இன்னா பண்ணேன் தெரியுமா? தொங்கவுட்ட நைட்டிங்களுக்கு பின்னால ஒளிஞ்சிக்கினேன். நானு. இந்த ஒடம்ப வச்சிக்கினு. வீரத்திருமக.

அதோட அவ கீழ எறங்கல. லீவு சொல்லிட்டு வந்தவ வேலைக்கே போவலியாம். போன் எடுக்க மாட்றா. நேத்து இட்லி மாவு ஆட்டசொல்ல திடீர்னு அழுகாச்சி வந்துடுச்சி எனக்கு. எங்க வூட்டுக்காரரு பயந்துட்டாரு. காலையில கத்தரிக்கோல எடுத்துக்கினு கெளம்பிட்டேன். அறிவுச்செல்வன் ஓடியாரான், அத்த, கம்பெனி பேப்பர எடுத்துக்கினு போ, கையெழுத்து வாங்கிக்கலாம்னு. வாங்கி மடிச்சி அரிசி டின்னு மேல வச்சிட்டு வந்துட்டேன். அத கையில வச்சிக்கினு மன்னிச்சிக்கடின்னா, அவளுக்கு பேப்பர்தான் தெரியும், நா தெரிய மாட்டேன். கையெழுத்து வேணாமான்னு கேட்டா... பொய் சொல்ல மாட்டேன், பஸ் ஏறுற வரைக்கும் டின்னு மேல ஒரு கண்ணு இருந்துச்சி. அதனாலதான் வச்சிட்டு வந்தேன்.

அப்ப இந்த ஃபிளெக்ஸு எதுக்குன்றியா? எறக்கிட்டேன்னு சொன்னா நம்பணுமே. என் வாய்ப்பேச்ச இனிமே எவ நம்புவா. பொருள காட்டினாத்தான் உண்டு. பாத்துட்டு அவ கிழிச்சாலும் சரி, என் மூஞ்சி மேல புளி காயவச்சாலும் சரி. நல்ல தடி ஃபிளெக்ஸு, ரெண்டு மழை தாங்கும்.

...கண்டக்டரே, எறக்கம். இந்த ஸ்டாப்புதான் சொன்னாங்க. கொஞ்சம் கைய குடும்மா... நீயும் இங்கதான் எறங்குறியா? நல்லதா போச்சி, எனக்கு வழி தெரியாது. பாத்து, பாத்து, ஃபிளெக்ஸு கம்பியில மாட்டுது. ஆங், வந்துடுச்சி.

யப்பா. எம்மாம் மேடு. ஏம்மா, இருசம்மா வூடு எதுன்னு தெரியுமா? ஹாஸ்டல்ல சமைக்குமே, நா சொன்னேனே, அந்த இருசம்மாதான்...

இன்னாது?

நீங்க அவ அக்காவா. கூடப்பொறந்த அக்காவா.

ஏங்க... ஏங்க, அப்ப கள்ளக்குறிச்சியில ஏறினதுல இருந்து நீங்க... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா. நாந்தான் கேக்கலியா. ஆமா, நா எங்க கேட்டேன். மலைக்காரின்னு அந்த பிளவுஸ் வாங்க வந்தவ சொன்னத நா சொல்லசொல்ல நீங்க சன்னல் பக்கம் திரும்பினீங்க, நா வாந்தின்னு நெனச்சிக்கினு தலைய நீட்டாதன்னு புத்தி சொன்னேன். எலுமிச்சம்பழத்துக்கு சிரிச்சது மட்டும் நெசமாவே சிரிச்சதுதான? அது வரைக்கும் சந்தோஷம்.

அப்ப அந்த போனு? 'கூடத்தான் வருது'ன்னது என்னத்தானா? மூட்ட இல்ல, நாந்தானா?

அவளுக்கு நா வரது தெரிஞ்சிப்போச்சி. போச்சி போங்க. என்னான்னு ஆரம்பிக்கணும்னு வளைவுக்கு வளைவு யோசிச்சி வச்சிருந்தேன். எல்லாத்தையும் உங்ககிட்டயே கொட்டிட்டேன், இப்ப உள்ள ஒன்னும் இல்ல.

அதோ மேல, அந்த மரத்தாண்ட நிக்கறது யாரு? அவளா? கையில ஏதோ நீட்டமா... கம்பு எடுத்தாந்திருக்காளா? எனக்கு கண்ணாடி பையில இருக்குது. எடுத்து போட்டு பாக்க பயமா இருக்குது. நீங்களே பாத்து சொல்லுங்க, எத்தினி கம்பு? நல்லா பாத்து சொல்லுங்க.

ஒன்னா.

ஒன்னுதானா. சரி. ஞாயந்தான். வேற இன்னா எதிர்பாத்துக்கினு வந்தேன் நானு. அடுத்த பஸ்ஸு கீழ எறங்கறது எப்ப... எறங்கி வராளா? இங்கயா? ஏங்க, எங்கயும் போவாதீங்க, என் பக்கத்துல நில்லுங்க. அடிச்சா அடிக்கட்டும், தடுக்காதீங்க. ஆனா நில்லுங்க.

இருசம்மா. ஏய் இருசம்மா, நா...

பாத்தீங்களா. கம்ப என் கையில திணிச்சிட்டு திரும்பி ஏறிக்கினு போறா பாருங்க. வெறுங்கையோட போறா. கோவம் போவல. முதுவ பாத்தாலே தெரியுது, போவல. ஆனா இது எனக்குன்னு கொண்டாந்த கம்பு. ஊனிக்கினு ஏறத்துக்கு, அளவா வெட்டியிருக்கா. என் ஒசரம் அவளுக்கு தெரியும்.

புடிங்க, இந்த ஃபிளெக்ஸ நீங்க புடிச்சிக்கங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும். நா பேசல. சத்தியமா, மேல போற வரைக்கும் வாய தொறக்கல. மொதல்ல அவ பேசட்டும்.